சம்மனசு மீன்

செபஸ்தியன் ஒரு சந்தேகப் பிராணி என்பதில் கொழும்புத் துறைமுகத்தில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபிக்கமாட்டார். சொன்னவன் ஏன் இன்றைக்குப் பார்த்து வந்து சொல்கிறான் என்றுதான் யோசிப்பார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்க்கிற டாலி கிளாக்கர் உத்தியோகம் அவருக்கு. அந்த வேலைக்கென்றே பிறந்தாரா, அந்த வேலைதான் அவரை இப்படி ஆக்கியதா என்று மனைவி புளோறன்ஸுக்கு இன்றுவரை தெரியாது. தாலியை உரைத்துப் பார்த்துவிட்டுத்தான் மனுசன் கட்டினார் என்று அவள் சொல்வதை எல்லோரும் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை.

மற்றக் கிளாக்கர்மார் மூட்டைக்கு மூட்டை சோக்கால் கோடு போடுவார்கள். சோக்கை யாரும் அழிக்கலாம், யாரும் போடலாம். செபஸ்தியனின் வழி வேறு. யாராவது மாற்றிவிடக்கூடும் என்று படுகிற மூட்டையின் காதில், அதாவது தைத்த மூலையில் பிதுங்கி நிற்கும் சாக்கு நுனியில், சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கென்று ஒரு வெட்டுப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல நடந்துவிடுவார். ஒருமுறை நல்ல அரிசி மூட்டைகளைக் கடத்திவிட்டு அந்த இடத்தில் புழுத்ததை அடுக்கி வைத்திருந்த ஒரு கூட்டத்தை, காதில் வெட்டைக் காணவில்லை என்ற ஒரே ஆதாரத்தில் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கத்தரிக்கோல் அவருடைய கோட்டுப் பையை விட்டு இறங்கியதில்லை. அடையாளம் போட்டவனைத் தவிர வேறு ஒருவருக்கும் அது தெரியக்கூடாது, தெரிந்தால் அது அடையாளமே இல்லை என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவருக்கு ஐறீன் என்று ஒரே ஒரு மகள். வந்த சம்பந்தங்களில் ஒரு மாப்பிள்ளை அளவுக்கு மிஞ்சிச் சிரித்தான் என்று தட்டிப்போயிற்று. அடுத்தவன் சிரிக்கவே இல்லை என்று தட்டிப்போயிற்று. கடைசியில் வந்தவன் பேர்னாட். தந்தி ஆபீஸில் வேலை. தாய் தகப்பன் இல்லை. பாமன்கடையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். செபஸ்தியன் பாமன்கடைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து தந்தி ஆபீஸ் வாசற்காரன்வரை ஆள் ஆளாக விசாரித்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே ஒரு பெரிய குறையாக அவருக்குப் பட்டது. ஆனால் இந்தமுறை புளோறன்ஸ் விடவில்லை. ஐறீனும் வாய் திறந்து, கட்டினால் இவரைத்தான் என்று சொல்லிவிட்டாள். சம்பந்தம் நிச்சயமாயிற்று.

பேர்னாட்டுக்குக் குடியில்லை, சூதில்லை. ஒரே ஒரு பைத்தியம் கடல். ஞாயிறு காலைகளில் வெள்ளவத்தைக் கரையோரப் பாறைகளுக்கு நீந்திப் போய், கண்ணுக்குக் கண்ணாடி மூடியைக் கட்டிக்கொண்டு முங்கி, கைவலையால் சின்னச் சின்ன மீன்களை உயிரோடு பிடிப்பான். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு வந்த நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, அவன் ஐறீனுக்குக் கொண்டுவந்தது சேலையல்ல, செண்டுமல்ல. ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு மீனும்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற மீன். வெளிர் சாம்பல் உடம்பில் செம்மஞ்சள் வரிகள் மேலிருந்து கீழே நெளிந்து நெளிந்து இறங்கின. பின்பாதி மையில் தோய்த்தெடுத்த கறுப்பு. அந்தக் கறுப்பைச் சுற்றி மெல்லிய நீலக் கரை.

"இங்கிலிஷில இதை ஏஞ்சல் ஃபிஷ் எண்டு சொல்லுவாங்க, மாமி" என்றான் பேர்னாட்.

"ஏஞ்சலெண்டா சம்மனசு" என்று புளோறன்ஸ் கைகளைக் கூப்பினாள். "அப்ப இது சம்மனசு மீன்!" திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்த மேசையைத் துடைத்து அதில் வைக்கச் சொன்னாள். வீட்டுக்கு ஒரு சம்மனசு வந்துவிட்டதென்று அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

செபஸ்தியன் மீனைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தத் தொட்டி எங்கால?"

"ஆபீஸில தந்திப் பற்றரிக்கு வைச்சிருந்த கண்ணாடித் தொட்டி, மாமா. பழசெண்டு எறியப் போட்டிருந்தாங்க. கேட்டு எடுத்தனான்."

"ஆரிட்டக் கேட்டனீர்? துண்டு ஏதும் எழுதித் தந்தவங்களா?"

பேர்னாட் சிரித்தான். செபஸ்தியன் சிரிக்கவில்லை.

மீன் கடல் மீன். துறைமுகத் தண்ணீரில் கப்பலெண்ணெய் மிதக்கும், அது ஆகாது. ஆகவே பேர்னாட் ஞாயிறுதோறும் வெள்ளவத்தைக் கடல்நீரை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் நிரப்பி, சாக்குத் துணியால் வாயைக் கட்டி, ரயிலிலும் ரிக்‌ஷாவிலுமாகக் கொட்டாஞ்சேனையில் இருந்த அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவான். பழைய நீரில் பாதியை இறைத்து அதே தகரத்தில் எடுத்துப் போவான். கண்ணாடியில் படிந்த பாசியை மீன் நாள் முழுக்கக் கொரித்துக்கொண்டிருக்கும். ஐறீனும் அவனும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கதைப்பார்கள். செபஸ்தியன் கதிரையில் உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தகரத்தைப் பார்ப்பார். மூடிக் கட்டிய ஒரு தகரம் வாரத்துக்கு வாரம் தம் வீட்டுக்குள் வருவதும் போவதும் ஒரு டாலி கிளாக்கருடைய மனதுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வைகாசி மழை தொடங்கியது. புது ராசாவின் முடிசூட்டுக்குத் தெருவில் கட்டிய கொடிகள் நனைந்து சாயம் ஒழுகித் தொங்கின. சம்மனசு மீனிலும் சாயம் போகத் தொடங்கியிருந்தது.

முதலில் செம்மஞ்சள் வரிகள் மங்கின. பிறகு வெளிர் சாம்பல் உடம்பு கபில நிறமானது. வாலின் மேல்நுனியும் கீழ்நுனியும் நீண்டுகொண்டு போயின. மீனும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. "வயசுக்கு வருதாக்கும்" என்று புளோறன்ஸ் சொன்னாள். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். வீட்டில் உள்ள அத்தனை பேரிலும் உண்மையைத் தொட்டுச் சொன்னவள் அவள்தான் என்று அவளுக்கே தெரியாது.

செபஸ்தியனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பேர்னாட் முன்பொரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளவத்தையில் ஸஹாப்தீன் என்று ஒரு மாணிக்க வியாபாரி இருக்கிறார், வீட்டுப் பின்வளவில் சீமெந்துத் தொட்டிகள் கட்டிக் கடல் மீன் வளர்க்கிறார், அருமையான மீன் என்றால் என்ன விலையும் கொடுப்பார். இப்போது எல்லாம் பொருந்தியது. நத்தாருக்குச் சம்மனசைக் கொடுத்து வீட்டாரை மயக்கியாயிற்று. பிறகு ஒரு ஞாயிறு அதைத் தகரத்தில் கொண்டுபோய் விற்றுவிட்டு, அதன் சாயலில் மங்கலான ஒன்றை விட்டாயிற்று. அடுத்த ஞாயிறு இன்னும் மங்கலான ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் கண் பிடிக்காது. புழுத்த அரிசிக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள், ஒரேயடியாக மாற்றவில்லை.

மீன் போனால் போகட்டும். சின்ன மீனில் கை வைக்கிறவன் மகளின் வாழ்க்கையில் என்ன செய்வான்? இதில் பகிடி இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருந்தார் மனுசன்.

ஒரு பகலில் புளோறன்ஸும் ஐறீனும் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அவர் தேத்தண்ணி வடிகட்டியைத் தொட்டிக்குள் விட்டு மீனை அள்ளினார். துள்ளிய மீனை ஈரத் துணியால் வாலோடு சேர்த்து இறுக்கினார். கோட்டுப் பையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. முதுகுச் செட்டையின் பின்நுனியில் நறுக்கென்று ஒரு வெட்டு. பெருவிரலில் சுரீர் என்றது. பார்த்தால் வாலடியைப் பிடித்திருந்த இடத்தில் ஒரு பொட்டு இரத்தம். கத்தரிக்கோல் பட்டிருக்கும் என்று விரலைச் சூப்பிக்கொண்டு மீனைத் தண்ணீரில் விட்டார். சாக்குக்குக் காது, மீனுக்குச் செட்டை. இனி மாற்று, பார்ப்போம்.

ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அடிக்கடி உற்றுப் பார்த்தால் கள்ளன் உசாராகிவிடுவான் என்று தொட்டிப் பக்கமும் போகவில்லை.

அடுத்த மாதம் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரைச் சுவாமியார் வாசிப்பார். தடை ஏதும் அறிந்தவர் வந்து சொல்லவேண்டும். முதல் ஓலை வாசித்த அன்று புளோறன்ஸ் புதுச் சேலை உடுத்திருந்தாள், ஐறீன் தலை நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்து எல்லோரும் கேக்கும் வைனும் எடுத்தபோது செபஸ்தியன் தொட்டிப் பக்கம் போய்க் குனிந்தார்.

செட்டை முழுசாக இருந்தது. வெட்டில்லை.

கேக் துண்டைக் கீழே வைத்தார். பிடித்துவிட்டோம் என்ற சந்தோசமும் தலையில் இடி விழுந்த துக்கமும் ஒன்றாக வந்தால் மனுசன் என்ன செய்வான்? அவர் கத்தினார்.

"பேர்னாட்! இஞ்ச வாரும். இது நீர் தந்த மீனா?"

பேர்னாட் வந்து பார்த்தான். "வேற எது மாமா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும். தந்த மீன் இதுதானா?"

"நிறம் போயிட்டுது. தண்ணி ஒத்துக்கொள்ளேல்லப் போல..."

"தண்ணியில பழி போடவேணாம். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு வாரும். அந்தோனியாருக்கு முன்னால கை வைச்சு, 'நான் தந்த மீன் இதுதான்' எண்டு சத்தியம் பண்ணும். பண்ணினா நான் வாயைத் திறக்க மாட்டன்."

"பப்பா!" என்றாள் ஐறீன். முகம் செத்துப்போயிருந்தது. "ஒரு மீனுக்கா?"

"மீனுக்கில்ல மகள். உனக்கு."

கொச்சிக்கடை அந்தோனியார் முன் பொய்ச்சத்தியம் செய்து தப்பினவன் இல்லை என்பது கொட்டாஞ்சேனை முழுக்க அறிந்த சங்கதி. கோழி களவு போனாலும் சங்கிலி களவு போனாலும் கடைசி வழக்கு அங்கேதான். செவ்வாய்க்கிழமை சனக்கூட்டத்துக்குள் நால்வரும் போய் நின்றார்கள். மெழுகுதிரிச் சூட்டில் எல்லோருக்கும் வேர்த்தது.

பேர்னாட் அந்தோனியார் சுரூபத்தின் பீடத்தில் கை வைத்தான். வாயைத் திறந்தான். கண்ணை மூடினான். கையை எடுத்தான்.

"மாமா, நான் மாத்தேல்ல எண்டு சத்தியம் பண்ணுறன். இப்பவே பண்ணுறன்."

"அது நான் கேட்ட சத்தியமில்ல."

"நீங்க கேக்கிறதைச் சொல்ல ஏலாமக் கிடக்கு. நான் பிடிச்ச மீன் வரி மீன். வாலும் வேற மாதிரி. நேற்று முழுக்க யோசிச்சுப் பாத்தன். அதுவும் இதுவும் ஒண்டெண்டு என்ர மனசுக்கே நிச்சயமில்ல. தெரியாததை எப்பிடி நான் இந்த இடத்தில சொல்லுறது?"

செபஸ்தியன் துறைமுகத்தில் இந்த வித்தையை எத்தனையோ தடவை கண்டிருக்கிறார். பெட்டியை நீ உடைத்தாயா என்றால், நான் உடைக்கவில்லை என்று சாமி மேல் அடித்துச் சொல்வான்; உடைத்தவன் அவன் தம்பியாயிருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவன் கள்ளன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்றைக்கே சுவாமியாரிடம் போய் இரண்டாம் ஓலையை நிறுத்திவிட்டார்.

ஐறீன் அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. தகப்பனுக்குச் சோறு போட்டாள், சட்டையைத் தேய்த்து மினுக்கி வைத்தாள், ஒரு சொல் பேசவில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டில் சம்மனசு இருந்த மேசைப் பக்கம் அவள் திரும்பியும் பார்ப்பதில்லை. புளோறன்ஸ் மட்டும் பாத்திரங்களை வைக்கிற சத்தத்தில் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துக்கொண்டிருந்தாள்.

மீனை எறிந்துவிடச் சொன்னாள் அவள். செபஸ்தியன் மறுத்துவிட்டார். அது சாட்சிப் பொருள். ஆனால் சாட்சிப் பொருளுக்கும் தண்ணீர் வேண்டுமே? இப்போது அவரே தகரத்தைத் தூக்கிக்கொண்டு முகத்துவாரக் கரைக்குப் போகவேண்டியதாயிற்று. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி அலைக்குள் இறங்கி நீர் மொள்ளும் கோட்டுப் போட்ட மனுசனைப் பார்த்து, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவன், "மாத்தயா, மே முஹுது வத்துற மொகடத?" என்று சிங்களத்தில் கேட்டான். கடல் தண்ணி எதுக்கென்று கேட்டால் என்ன சொல்வது? "பெஹெத்" என்று, மருந்துக்கு என்று, சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

வேலைப்பழக்கம் லேசில் விடாது. பேர்னாட் தனியாகவா செய்திருப்பான்? வீட்டுக்குள் ஆள் இல்லாமல் முடியுமா? ஐறீன் அப்படிப்பட்டவள் அல்ல. ஆனால் காதல் கண்ணை மறைக்கும். புளோறன்ஸ்? அவளுக்கும் மாப்பிள்ளை என்றால் தலை கால் புரியாது. ஓர் ஆதாரம் கையில் இருப்பது நல்லது என்று மீன் இருந்த முன்னறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் அதற்கு முன், மீனை மறுபடி ஈரத் துணியில் பிடித்தார். இந்தமுறை வெட்டு ஆழமாக, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி விழுந்தது.

மீன் வாலை ஒரு வீசு வீசியது. அவ்வளவுதான். பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை சதை பிளந்து இரத்தம் கொட்டியது. கத்தரிக்கோல் மற்றக் கையில் அப்படியே இருந்தது. அது அவர் விரலைத் தொடக்கூட இல்லை.

புளோறன்ஸ் கட்டுப்போட்டாள். "என்னத்தால வெட்டிச்சு?" என்று கேட்டாள்.

"மீன்."

"மீனிட்ட ஏது கத்தி?" என்றாள் அவள். பிறகு, மனம் கேட்காமல், "வலிக்குதா?" என்றாள். வலிக்கவில்லை என்று சொன்னார். பொய்.

அதற்குப் பிறகு அவர் தினமும் வேலையால் வந்ததும் அறையைத் திறந்து தொட்டிக்கு முன் கதிரையைப் போட்டுக் குந்திவிடுவார். முதலில் வெட்டு வெட்டாகத்தான் இருந்தது. நாள் போகப் போக அதன் விளிம்பில் கண்ணாடிபோல ஒரு தோல் தெரிந்தது. பிறகு அந்தத் தோல் கொஞ்சம் இறங்கியது. பிறகு அதில் நிறம் ஏறியது. கடைசியில் ஒருநாள், கண்ணாடியை மூக்கின் மேல் சரிசெய்துகொண்டு எவ்வளவு பார்த்தும், வெட்டு எங்கே இருந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

கதவு பூட்டித்தான் இருந்தது. திறப்பு இடுப்பில். பேர்னாட் வாசற்படி மிதித்து மாதக்கணக்காகிறது. வழக்கில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் செபஸ்தியன்.

தம் கையைப் பார்த்தார். அங்கே பிளந்த சதையும் மூடியிருந்தது. உயிருள்ளது ஆறும் என்று இந்த வயதுவரை தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் அவர் மீனை மூட்டையாகத்தான் பார்த்தார். புளோறன்ஸிடம் ஒரு வார்த்தை, இன்ன இடத்தில் வெட்டினேன் என்று சொல்லியிருந்தால், "ஆறாதா பின்ன?" என்று அப்போதே சிரித்திருப்பாள். சொல்லவில்லையே. சொன்னால் அடையாளமில்லையே.

இருந்தாலும் நிறம் போனது? வரி போனது? அதற்கு வெள்ளவத்தையில்தான் பதில் இருக்கவேண்டும். மீனைத் தகரத்தில் விட்டு, சாக்குத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார். பக்கத்தில் இருந்தவர் தகரத்தையே உற்று உற்றுப் பார்த்தார். செபஸ்தியனுக்கு அது சங்கடமாக இருந்தது.

ஸஹாப்தீன் ஆள் வாட்டசாட்டம், விரல் நிறைய மோதிரம். பின்வளவுத் தொட்டிகளுக்கு நடுவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். செபஸ்தியன் கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது இன்னொன்று.

"பேர்னாட் உங்களுக்கு ஒரு மீன் வித்தவரா?"

"பேர்னாட்டா? அந்தப் புள்ள விக்கிறல்லயே. கேட்டேன், தரமாட்டன்டு செல்லிட்டு. கட்டப்போற புள்ளக்காம்." தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட! இவரா? எங்கால ஒங்களுக்கு? நல்லா வளந்தீக்காரே."

"இது சம்மனசு மீனா, இல்லையா?"

"வாங்க, காட்றேன்."

ஒரு தொட்டியில் இரண்டு குட்டி மீன்கள். இரண்டிலும் அதே செம்மஞ்சள் வரி, அதே கறுப்பு, அதே நீலக் கரை. நத்தாரன்று பார்த்த அதே மீன் இரட்டையாக.

"இதுல ஒண்டு சம்மனசு. மத்தது சம்மனசிட உடுப்பப் போட்ட வேற ஆள். எது எதுண்டு செல்லுங்க பாப்பம்?"

செபஸ்தியன் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபக்கம் போய்ப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் போலியைப் பிடித்தே சோறு தின்ற மனுசன் உதட்டைப் பிதுக்கினார்.

"புடிக்கிறவனுக்கே தெரியாது. எனக்கும் முந்தித் தெரியாது. வளத்துப் பாத்துத்தான் படிச்சேன்." ஸஹாப்தீன் கண்ணாடிக் குவளையில் ஒன்றை மொண்டு தூக்கினார். "கன்னத்தப் பாருங்க. செவுள் மூடிக்குக் கீழ முள்ளு ஒண்டு நிக்கிது. இதான் அசல் சம்மனசு, மவுத்தாகும்வரைக்கும் இந்த நிறம் மாறாது." மற்றதை மொண்டார். "இதுக்குக் கன்னம் வழுவழு. வால் தொடங்குற எடத்தப் பாருங்க, ரெண்டு பக்கமும் சின்னக் கீறு மாதிரி. அதுக்குள்ள கத்தி மடிச்சி ஈக்கி. டொக்டர்மார் அறுக்கிற கத்தி மாதிரி. அதான் இங்கிலிஷ்ல இந்தச் சாதிக்கு 'சேர்ஜன் ஃபிஷ்'ண்டு பேர். வாலப் புடிச்சா விடாது, அறுத்துப்போடும்."

செபஸ்தியன் தம் கையை மெதுவாகப் பின்னால் மறைத்தார்.

"ஏன் இப்பிடி வேசம் போடுது?"

"எண்ட யோசனயச் செல்றேன். எந்தப் பொஸ்தகத்திலயும் நான் காணல்ல. சம்மனசு சின்ன மீன், ஆனா கன்னத்தில முள்ளு, கண்மூடித் தொறக்கக்குள்ள பொந்துக்குள்ள பூந்துடும். பெரிய மீனுக அதத் தொரத்திச் சலிச்சுப்போய் விட்டுடும். இவருக்குச் சின்ன வயசில கத்தி முத்தல்ல, பயம். அதனால சம்மனசு மாதிரி உடுத்திக்கிட்டுத் திரியிறார். கத்தி முத்தினாப் பொறவு உடுப்பு எதுக்கு? கழட்டிட்டுத் தண்ட சொந்த நிறத்துக்கு வந்திடுவார். நீங்க கொண்டு வந்தீக்கிற ஆள் அப்பிடிக் கழட்டினவர்தான்." தகரத்தைச் சாய்த்து மீனைப் பெரிய தொட்டியில் விட்டார். அங்கே கபில நிற மீன்கள் சில பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. வந்தது அவற்றோடு கலந்தது. எது என்று தெரியவில்லை. "இஞ்சயே ஈக்கட்டும். அது சரி, அந்தப் புள்ள ஏன் இப்ப கடலுக்கே வாறல்ல? வருத்தமா?"

செபஸ்தியன் அந்தக் கபில மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மீன் பயத்தில் பொய் சொன்னது, பயம் தீர்ந்ததும் பொய்யை விட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன் என்று ஒரு பிள்ளை அந்தோனியார் முன்னால் நின்று சொன்னான். அவனைக் கள்ளன் என்றேனே! தலையை எங்கேயாவது மோதவேண்டும் போலிருந்தது. இத்தனைக்கும் நடுவில், வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "மீனை உங்களிட்ட விட்டதுக்கு ஒரு துண்டு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். ஸஹாப்தீன் விழுந்து விழுந்து சிரித்தார். செபஸ்தியனுக்குத் தம்மை நினைத்து வெட்கம் பிடுங்கியது.

அங்கிருந்து பாமன்கடை நடை தூரம்தான். பேர்னாட் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். செட்டையில் வெட்டியதையும் சேர்த்து. உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஐறீன் என்ன சொல்லுறா?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்து மீன் நிறம் மாறின கதையைச் சொன்னார். ஐறீன் மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தகப்பனோடு பேசினாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"இண்டைக்கு மீன். நாளைக்கு அவர் ஆபீஸால பிந்தி வந்தா? சம்பளம் குறைஞ்சா? என்ர பிள்ளைக்கு மூக்கு வேற மாதிரி இருந்தா? ஒவ்வொண்டுக்கும் நான் அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது பப்பா. அவர் செய்த மாதிரி நீங்களும் அந்தோனியாருக்கு முன்னால வாங்க. 'இனி நான் இவரைச் சந்தேகப்பட மாட்டன்' எண்டு சத்தியம் பண்ணுங்க. இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம். நான் இப்பிடியே இருப்பன்."

இருப்பாள். அவருடைய மகள்தானே. சொன்னால் சொன்னதுதான்.

செவ்வாய்க்கிழமை பேர்னாட்டும் வந்திருந்தான், தூண் பக்கமாக ஒதுங்கி. அதே கூட்டம், அதே மெழுகுதிரிச் சூடு. செபஸ்தியன் பீடத்தில் கையை வைத்தார். பெருவிரலிலிருந்து மணிக்கட்டுவரை தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சின்னச் சத்தியம். ஒரு வரி. சொன்னால் மகளுக்குக் கல்யாணம், புளோறன்ஸுக்குச் சிரிப்பு, வீட்டுக்குப் பேச்சு. சொல்லத்தான் வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அவர் கண் பேர்னாட்டின் காலில் இருந்த சப்பாத்தில் விழுந்தது.

சப்பாத்தில் கடல் மணல்.

வேலை நாளில் கடற்கரையில் என்ன வேலை? ஆபீஸுக்குப் போகவில்லையா? யாரைப் பார்க்கப் போனான்?

கேள்விகள் தாமாக வரிசையில் வந்து நின்றன. அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வந்தன. நாளைக்கும் வரும், சாகும்வரை வரும். அந்தோனியார் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செபஸ்தியன் கையை எடுத்தார்.

"ஏலாது மகள்" என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. "பொய் சொல்ல ஏலாது. அது எனக்கு வரும். நான் எவ்வளவு மறிச்சாலும் வரும்."

ஐறீன் முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பினாள். புளோறன்ஸ் "ஐயோ, ஆண்டவரே" என்று அங்கேயே முழங்காலில் இருந்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று செபஸ்தியன் நினைத்தார்.

"ஐறீன், நில்லும்."

பேர்னாட் தூணை விட்டு முன்னால் வந்தான்.

"இந்த இடத்திலதான் நானும் நிண்டனான். தெரியாததைச் சொல்லமாட்டன் எண்டு கையை எடுத்தனான். அதைத்தான் மாமாவும் இப்ப செய்தவர். சத்தியம் பண்ணிப்போட்டு வீட்ட போய் என்னை ஒளிச்சு ஒளிச்சுப் பாக்கிற மாமாவெண்டா எனக்கு வேணாம். இவர் பரவாயில்ல. இவர் கேப்பார், நான் பதில் சொல்லுவன்."

ஐறீன் அவனைப் பார்த்தாள். பிறகு தகப்பனின் கையைப் பார்த்தாள். இத்தனை நாளும் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"இது என்ன காயம் பப்பா?"

"மீன்" என்றார் செபஸ்தியன்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நால்வரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்தார்கள். ஓலையை மறுபடி முதலிலிருந்து வாசிக்கவேண்டும், சுவாமியாரிடம் இன்றைக்கே போகவேண்டும் என்று புளோறன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுக்கிக்கொண்டு போனாள். பேர்னாட் பக்கத்தில் நடந்தான். அவன் சப்பாத்து ஒவ்வோர் அடிக்கும் கல்லில் மணலைச் சிந்தியது. செபஸ்தியன் வாயைத் திறந்தார். கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. இவர் கேட்பார், அவன் பதில் சொல்வான், அதில் ஒரு குற்றமும் இல்லை.

அவர் வாயை மூடிக்கொண்டு நடந்தார். அந்த மணல் எங்கே ஒட்டியது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.